இருட்டைத் தேடிக் கடற்கரைக்கு

தேர்வுகள் முடியும் பருவத்தில் தங்கவயல் கிளைக்கு வரும் வாடிக்கையாளர்களிடமிருந்து நாங்கள் தவறாமல் கேட்கும் பேச்சு ஒன்று உண்டு: பிள்ளைகளுக்குக் கடலைக் காட்ட வேண்டும். ஸ்கெலட்டன் உள்ளிட்ட பழைய சுரங்கக் குடியிருப்புகளில் வளரும் குழந்தைகளுக்கு மண்மேடும் தெரியும், ஷாஃப்ட்டும் தெரியும், கடல் தெரியாது. ஆகவே குடும்பங்கள் புறப்படுகின்றன. சென்னைக்கோ வேளாங்கண்ணிக்கோ சென்று, உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் அலையில் நின்று, சுண்டல் வாங்கித் தின்று, மாலை வண்டியைப் பிடித்துத் திரும்பிவிடுகின்றன. கடலின் பாதியைத்தான் அவர்கள் பார்த்திருக்கிறார்கள் என்பது எங்கள் எண்ணம். மறுபாதி இரவில் இருக்கிறது.

கரையை ஒட்டிய சவுக்குத் தோப்பிலோ அனுமதி பெற்ற முகாமிலோ ஓர் இரவு தங்கி, வானத்தைப் பார்த்து, விடியுமுன் மணலில் நடந்து வருவதைப் பற்றி இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம். இதற்குத் தொலைநோக்கி வேண்டியதில்லை. சில கணக்குகளும் சில எச்சரிக்கைகளும் தெரிந்திருந்தால் போதும். ஆப்பிரிக்காவின் நமீபியா நாட்டில் ஸ்கெலட்டன் என்றே பெயர் கொண்ட கடற்கரை ஒன்று இருக்கிறது. உடைந்த கப்பல்களுக்கும் இருண்ட வானத்துக்கும் அது பெயர் பெற்றது. ஆனால் வானம் பார்க்க அவ்வளவு தொலைவு போகத் தேவையில்லை. வங்கக் கடல் நமக்குக் கிழக்கே நேர்கோட்டில் ஏறத்தாழ 220 கி.மீ. தொலைவில் இருக்கிறது.

தங்கமும் வானமும்

தங்கவயலுக்கும் வானத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். இருக்கிறது, இவ்வூரின் வரலாற்று ஏட்டின் முதற்பக்கத்திலேயே இருக்கிறது. 1802ஆம் ஆண்டு மைசூர் அரசின் கிழக்கு எல்லையை அளந்துகொண்டிருந்த லெப்டினன்ட் ஜான் வாரன் என்ற அதிகாரி, இப்பகுதி மண்ணில் தங்கம் கிடைக்கிறது என்ற செய்தியைக் கேள்வியுற்றார். ஊரிகம், மாரிகுப்பம் பக்கத்து மக்கள் மண்ணை நீரில் அலசிப் பொன் துகள்களைப் பிரித்தெடுத்ததை நேரில் கண்டு எழுதிவைத்தார். அவருடைய குறிப்பைப் படித்துத்தான் பிற்காலத்தில் சுரங்கக்காரர்கள் இங்கே வந்தார்கள். இவ்வளவும் நம்மூரில் பலருக்குத் தெரிந்த கதை.

பலருக்குத் தெரியாதது அதன் தொடர்ச்சி. அதே வாரன் 1805இல் சென்னை வானாய்வு நிலையத்தின் பொறுப்பை ஏற்றுச் சில ஆண்டுகள் அங்கே பணியாற்றினார். கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டிய நிலையம் அது. துறைமுகமே இல்லாமல், அலை மோதும் திறந்த கரையாக இருந்த சோழமண்டலக் கடற்கரைக்கு வரும் கப்பல்களுக்கு, இடமும் நேரமும் துல்லியமாகத் தெரிந்தாக வேண்டும். நட்சத்திரங்களை அளக்காமல் அக்காலத்தில் அவற்றை அறிய வழியில்லை. கம்பெனி வானாய்வில் பணம் போட்டது அறிவு வேட்கையால் மட்டும் அன்று. சரக்கு பத்திரமாய் வந்து சேர வேண்டும் என்பதற்காகவும்தான். வங்கிக்காரர்களாகிய எங்களுக்கு அந்த நியாயம் எளிதில் விளங்குகிறது.

வாரன் பிற்காலத்தில் ‘கால சங்கலித’ என்ற நூலை எழுதினார். அது 1825இல் சென்னையில் அச்சாயிற்று. நம் நாட்டவர் நாளையும் மாதத்தையும் கிரகணத்தையும் கணிக்கும் முறைகளைப் பற்றிய நூல் அது. புதுச்சேரியில் இருந்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரை அதில் அவர் குறிப்பிடுகிறார். அக்கணிதர் காகிதமும் எழுதுகோலும் இன்றி, தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களின் எண்களைக் கொண்டு, 1825இல் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் அவர் கணக்கு பிழைத்தது ஏறத்தாழ நான்கு நிமிடங்கள் மட்டுமே. நடுவிலும் முடிவிலும் பிழை கூடியது. சொற்களையே எண்களாக்கி நினைவில் நிறுத்தும் அம்முறைதான் இன்றும் நம் வீடுகளில் தொங்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தின் அடிப்படை. நாள் முழுதும் கணிப்பொறி முன் அமர்ந்தும் மாலையில் இருப்புக் கணக்கு ஒரு ரூபாய் இடித்தால் தவிக்கும் எங்களுக்கு, அந்தச் சோழிக் கணக்கரை நினைத்தால் மரியாதை மேலிடுகிறது. கடற்கரையில் பிள்ளைகள் சோழி பொறுக்கும்போது அவர்களுக்குச் சொல்வதற்கு உகந்த கதை இது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கி.மீ.க்கும் அதிகமான ஆழம் கொண்டது. அந்த ஆழத்தை விஞ்ஞானிகள் வானத்தை அறியப் பயன்படுத்தினார்கள். விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதி மியூவான் என்னும் துகள்களைப் பொழிகின்றன. கடற்கரையில் கையை விரித்து வைத்தால் உள்ளங்கையின் வழியே வினாடிக்கு ஒன்று என்ற அளவில் அவை ஊடுருவிச் செல்கின்றன. நமக்கு எதுவும் தெரிவதில்லை. பூமிக்கடியில் இறங்க இறங்க அந்த மழை ஓய்ந்துவிடும். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் ஜப்பானிய, ஆங்கிலேய விஞ்ஞானிகளுடன் சேர்ந்து தங்கவயலின் அடியில் 2 கி.மீ.க்கும் கீழே கருவிகளை அமைத்து, காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களின் தடயத்தை 1965இல் கண்டறிந்தார்கள். அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் அத்தகைய தடயம் கிடைத்தது. அதற்கு முன் உலகில் எவரும் அதைக் கண்டதில்லை. சூரியனையே காணாமல் ஷிஃப்ட் பார்த்த நம் தொழிலாளர்கள் தோண்டிய வழியில்தான் விண்ணின் மிக நுண்ணிய துகள் அகப்பட்டது.

தங்கமும் வானத்திலிருந்து வந்ததே. விண்மீன்களின் உள்ளே எரியும் அணு உலை இரும்பு வரையில்தான் தனிமங்களைச் சமைக்கும். தங்கம் போன்ற கனமான தனிமங்கள் உருவாக அதைவிடக் கடுமையான நிகழ்ச்சிகள் வேண்டும். இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிக்கொண்டதன் அதிர்வு 2017 ஆகஸ்ட் 17 அன்று பூமிக்கு எட்டியது. அந்த மோதலின் ஒளியை ஆராய்ந்தவர்கள், கனமான தனிமங்கள் அங்கே பெருமளவில் உருவானதற்குச் சான்று கண்டார்கள். நகைக்கடன் பிரிவில் எங்கள் சகாக்கள் உரைத்துப் பார்க்கும் ஒவ்வொரு சங்கிலிக்கும் அப்படிப்பட்ட ஒரு முன்கதை இருக்கக் கூடும்.

கடற்கரையில் ஏன் பார்க்க வேண்டும்?

கடற்கரையில் காற்று தெளிவாக இருக்கும், அதனால் நட்சத்திரம் நன்றாகத் தெரியும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. கடற்காற்றில் ஈரமும் உப்பும் மிகுதி. அடிவானத்துக்கு மேலே ஐந்து பாகை, பத்துப் பாகை வரை ஒரு மங்கல் எப்போதும் இருக்கும். கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் இருக்கும் தங்கவயலின் காற்று இவ்வகையில் மேலானது. இந்தியாவின் பெரிய தொலைநோக்கிகளுள் ஒன்றை வைக்க வானவியலார் கடற்கரையைத் தேடவில்லை; நமக்குத் தென்கிழக்கே ஜவ்வாது மலையில் உள்ள காவலூரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே 2.34 மீட்டர் ஆடி கொண்ட வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் உண்டு என்பது 1977இல் தெரியவந்தபோது, அதற்குச் சான்றளித்த இடங்களில் காவலூரும் ஒன்று.

பின் எதற்காகக் கடற்கரை? இரண்டு காரணங்கள். முதலாவது, தடையற்ற அடிவானம். ஊரில் வீடும் மரமும் மண்மேடும் வானத்தின் கீழ்ப்பகுதியை மறைக்கின்றன. கரையில் நின்றால் கண்ணுக்கு எட்டும் நீரின் விளிம்பு ஏறத்தாழ நாலரை கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். அவ்விளிம்பிலிருந்து மேலே இருப்பதெல்லாம் வானம்தான். இரண்டாவது, இருட்டு. கடலுக்குள் தெருவிளக்கு கிடையாது.

இருட்டைப் பற்றிப் பேச நம் ஊருக்கு ஒரு தகுதி உண்டு. காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் உண்டாக்கிய மின்சாரம் 1902இல் தங்கவயலை வந்தடைந்தது. 147 கி.மீ. நீண்ட அந்த மின்தடம் அக்காலத்தில் உலகிலேயே மிக நீளமானவற்றுள் ஒன்று. நாட்டின் பெருநகரங்கள் பலவும் எண்ணெய் விளக்கில் இருந்தபோது இங்கே மின்விளக்கு எரிந்தது. சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. ஷாஃப்ட்டுகளைச் சுற்றி எரிந்த விளக்குகள் அணைந்தன. அந்த இருட்டு நம் வாடிக்கையாளர் குடும்பங்கள் பலவற்றின் வயிற்றில் விழுந்த இருட்டு. அதை வானம் பார்க்க வாய்த்த வசதி என்று எழுத எங்களுக்கு மனம் வரவில்லை. அதற்குப் பின் எத்தனையோ பேர் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களானார்கள். விடிவெள்ளியை நாள்தோறும் பார்க்கிறவர்கள் அவர்கள்.

எதைப் பார்ப்பது?

ஒரு சிறு கணக்கு. துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் தெரிகிறதோ, ஏறத்தாழ அதுவே நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை. தங்கவயலில் அது 13 பாகை. சென்னையிலும் அதேதான், இரண்டு ஊர்களும் ஒரே அட்சரேகையில் உள்ளன. கையை முழுதாக நீட்டி முட்டி மடக்கினால் அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. ஆகவே வடக்கே அடிவானத்துக்கு மேல் ஒரு முட்டியும் மூன்றில் ஒரு பங்கும் எண்ணினால் துருவ நட்சத்திரம். இராமேசுவரத்தில் இது ஒரு முட்டிக்கும் சற்றுக் குறைவு. தெற்கே போகப் போக வடமீன் தாழும், தென்மீன்கள் உயரும். கட்டுமரக்காரர்கள் கருவியின்றித் திசை கண்ட வழிகளுள் இதுவும் ஒன்று.

தென்மீன்களில் முதலாவது அகத்திய நட்சத்திரம். வானத்தின் நட்சத்திரங்களில் சூரியனை விட்டுவிட்டால் மிகப் பிரகாசமானது சிரியஸ். அதற்கு அடுத்தது இதுதான். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இதைப் பார்க்கவே முடியாது. நம் கடற்கரையில் பிப்ரவரி இறுதியில் இரவு எட்டு மணிக்குத் தெற்கே இரண்டரை முட்டி உயரத்தில் நிற்கும். அடுத்தது தென்சிலுவை. ஏப்ரல் இறுதியில் இரவு பத்து மணி அளவில் நேர் தெற்கே, 17 பாகை உயரத்தில், நான்கு மீன்கள் பட்டம் போன்ற வடிவில் நிமிர்ந்து நிற்கும். அதன் இடப்புறத்தில் இரண்டு பிரகாசமான மீன்கள் சற்று நேரம் கழித்து மேலேறும். அவற்றில் சிலுவைக்கு எட்டத்தில் இருப்பதுதான் சூரியனுக்கு அடுத்தபடியாக நமக்கு மிக அருகில் உள்ள விண்மீன் குடும்பம். அதன் ஒளி நம்மை வந்தடைய நான்கு ஆண்டுகளுக்குச் சற்று மேலாகிறது. இப்போது அதைப் பார்க்கும் நான்காம் வகுப்புப் பிள்ளையிடம், நீ அங்கன்வாடிக்குப் போன நாளில் கிளம்பிய ஒளி இது என்று சொல்லலாம்.

பிள்ளைகளுக்கு இதைவிடப் பிடித்தமான வேலை ஒன்றுண்டு. நம் வீடுகளில் எல்லாருக்கும் ஜென்ம நட்சத்திரம் தெரியும். கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போது சொல்கிறோம். அதை வானத்தில் பார்த்தவர் எத்தனை பேர்? மாசி மாத இரவில் கார்த்திகை, சிறு கொத்தாக மேற்கு வானில் இருக்கும். சங்கத் தமிழர் அதை அறுமீன் என்றார்கள். அதனருகே செந்நிறமாய் ரோகிணி. அதற்குக் கிழக்கே, வேட்டைக்காரன் வடிவத்தின் தோளில், செம்மஞ்சளாய்த் திருவாதிரை. சித்திரை மாதத்தில் உச்சிக்கு அருகே மகம். கிழக்கு வானில் வெண்ணிறச் சித்திரை, அதற்கு வடக்கே ஆரஞ்சு நிறச் சுவாதி. சித்ரா பௌர்ணமியன்று முழுநிலவு நிற்பது அந்தச் சித்திரை மீனின் பக்கத்தில்தான். மாதத்தின் பெயரே அதிலிருந்து வந்தது. கேட்டையும் மூலமும் இரவில் கடலிலிருந்து எழும். தேளின் வடிவம் அப்படியே தெரியும். கேட்டை அதன் நெஞ்சு, மூலம் அதன் கொடுக்கு. தேளைத் தொடர்ந்து பால்வழி மண்டலத்தின் அடர்ந்த பகுதி எழும். மார்ச் மாத அமாவாசையையொட்டி விடியற்காலை மூன்று நான்கு மணிக்குத் தென்கிழக்கே கடலின் மேல் அது புகைபோல் படர்ந்திருப்பதைக் காண்பதற்காகவே தூக்கத்தைத் துறக்கலாம்.

கண்ணுக்கு இருட்டில் முழுத் திறன் வர இருபது முதல் முப்பது நிமிடங்கள் ஆகும். நடுவில் ஒருமுறை கைப்பேசித் திரையைப் பார்த்தால் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். டார்ச்சின் முகப்பில் சிவப்பு நிறத் தாளைச் சுற்றிக்கொள்வது நல்லது. அரை மணி நேரம் கைப்பேசி இல்லாமல் இருக்கப் பிள்ளைகளைவிடப் பெரியவர்களே அதிகம் திணறுகிறார்கள் என்பது நாங்கள் கண்டது.

நிலவும் நீரும்

நட்சத்திரம் பார்க்க அமாவாசையை ஒட்டிய நாட்களே சிறந்தவை. ஆனால் அமாவாசையிலும் பௌர்ணமியிலும்தான் சூரியனும் சந்திரனும் சேர்ந்து இழுப்பதால் கடலின் ஏற்றமும் வற்றமும் மிகும். சென்னைப் பக்கம் அந்த வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டர். ஒரு மீட்டர்தானே என்று எண்ண வேண்டாம். இருபதுக்கு ஒன்று என்ற சரிவுள்ள மணலில், நீர் ஒரு மீட்டர் உயர்ந்தால் கரையில் இருபது மீட்டர் உள்ளே வரும். மாலையில் காய்ந்த மணல் என்று நினைத்துக் கூடாரம் அடித்தவர் நள்ளிரவில் நனைவது இதனால்தான். பழைய பாசியும் சிப்பியும் சருகும் கோடாய் ஒதுங்கியிருக்கும் இடத்துக்கும் நன்றாக மேலே, செடிகொடி முளைத்த மணலில் தங்க வேண்டும். உயர்நீரின் நேரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும்; அன்றைய நேரத்தை ஊர் மீனவரிடம் கேட்டுக்கொள்வதே மேல்.

இரவில் எவரும் கடலில் இறங்கக் கூடாது. இதை நாங்கள் அறிவுரையாகச் சொல்லவில்லை, நிபந்தனையாகச் சொல்கிறோம். மலைநாட்டிலிருந்து வருகிறவர்களுக்குக் கடலைப் படிக்கத் தெரியாது. அலைகள் வரிசையாக உடையும் கரையில் ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல் அமைதியாகத் தெரிந்தால், குளிக்க அதுவே நல்ல இடம் என்று நமக்குத் தோன்றும். கரைக்கு வந்த நீர் மீண்டும் கடலுக்குத் திரும்பும் வாய்க்காலாக அது இருக்கக் கூடும். ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். அதில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்துப்போவார்; கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறிய பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும்.

காற்றும் மழையும் இல்லாத நாளிலும் ஆபத்து வரலாம். தொலைதூரத்துத் தென்கடலில் எழுந்த புயலின் அலைகள் பல நாள் பயணம் செய்து நம் கரையில் திடீரென உயரும். கேரள மீனவர்கள் இதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். திருடனைப்போல் சொல்லாமல் வருவது என்று பொருள். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் உயிரிழந்தது அப்படிப்பட்ட ஒரு நாளில்தான். ஐதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அன்றும் எச்சரிக்கை விடுத்திருந்தது. புறப்படுவதற்கு முதல்நாளும் சென்று சேர்ந்த அன்றும் அம்மையத்தின் அறிவிப்பைப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை. அவசர உதவிக்கு 112. கடலோரக் காவலுக்கு 1093.

இவ்விடத்தில் எங்கள் தொழிலையொட்டி ஒரு சொல். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா என்னும் விபத்துக் காப்பீடு ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டணத்தில் 2 லட்சம் ரூபாய் காப்பு அளிக்கிறது. 18 முதல் 70 வயது வரை உள்ள கணக்குதாரர்கள் சேரலாம். நீரில் மூழ்கி நேரும் இறப்பும் விபத்தாகவே கருதப்படும். காவல் துறையில் பதிவு அவசியம். காப்பு ஜூன் 1 முதல் மே 31 வரை. மே மாத இறுதியில் கணக்கில் இருப்பு இல்லாததால் பலருடைய காப்பு சத்தமின்றி அறுந்துபோகிறது. விடுமுறைச் செலவில் கணக்கைத் துடைத்துவிடும் மாதமும் அதுவே என்பதைக் கவனிக்கவும். பயணச் செலவுக்கென்று ஜூலையிலேயே மாதம் 1,000 ரூபாய் வீதம் தொடர் வைப்பு ஒன்றைத் தொடங்கினால், ஏப்ரலில் நகையைக் கொண்டு எங்களிடம் வர வேண்டியிராது. நகைக்கடன் தருவது எங்கள் வேலைதான். எனினும் உல்லாசப் பயணத்துக்காக அதை வாங்குவதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

விடியுமுன் நடை

நடக்க ஏற்ற நேரம் விடியலுக்கு முந்தைய ஒன்றரை மணி. காலுக்குக் கீழே முதலில் கவனிக்க வேண்டியது மணலின் நிறம். சில இடங்களில் கறுப்பாகவும் சில இடங்களில் செந்நீலமாகவும் மெல்லிய வரிகள் ஓடும். அழுக்கு என்று நினைத்துக் கடந்துவிடுகிறோம். கறுப்பு பெரும்பாலும் இல்மனைட்; சிவப்பு கார்னெட். அலை மணலை இழுக்கும்போது எடை குறைந்த துகள்கள் போய்விடுகின்றன, கனமானவை தங்கிவிடுகின்றன. வாரன் கண்ட ஊரிகத்து மக்கள் மரத்தட்டில் மண்ணை அலசிப் பொன்னைப் பிரித்தார்களே, அதே வேலையைக் கடல் ஓயாமல் செய்துகொண்டிருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் இம்மணலிலிருந்து கனிமம் பிரிக்கும் தொழிற்சாலையே இருக்கிறது. சயனைடு மண்மேட்டின் நிழலில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது உடனே விளங்கும்.

ஜனவரி முதல் மார்ச் வரை, நல்வாய்ப்பு இருந்தால், மணலில் டிராக்டர் சக்கரம் போன்ற ஒரு தடம் கடலிலிருந்து ஏறி வந்திருக்கும். அது பங்குனி ஆமை. பெண் ஆமை இரவில் கரையேறி, பின்கால்களால் குழி தோண்டி, ஏறத்தாழ நூறு முட்டைகள் இட்டு, மூடி, திரும்பிப் பாராமல் கடலுக்குப் போய்விடும். ஆறேழு வாரங்களில் குஞ்சுகள் பொரியும். சென்னையில் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988 முதல் ஒவ்வொரு பருவத்திலும் இரவுதோறும் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் நடந்து, முட்டைகளைச் சேகரித்துக் காப்பிடத்தில் வைத்துப் பொரித்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். வார இறுதிகளில் பொதுமக்களையும் உடன் அழைத்துச் செல்வதுண்டு. பிள்ளைகளோடு சென்னைக்குப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல கடற்கரை நடை இருப்பதாக எங்களுக்குத் தெரியவில்லை.

முட்டைகளை ஏன் இடம் மாற்ற வேண்டும்? நாய்களும் நரிகளும் ஒரு காரணம். மற்றொரு காரணம் விளக்கு. குஞ்சுக்குக் கடல் எங்கே என்று சொல்லித்தர யாரும் இல்லை. இயற்கையான கரையில், விண்மீனும் நிலவும் நீரில் பட்டுத் திரும்புவதால் கடற்பக்கம்தான் சற்று வெளிச்சமாக இருக்கும். குஞ்சு அந்த வெளிச்சத்தை நோக்கி ஓடும். கோடிக்கணக்கான ஆண்டுகளாக அந்தக் கணக்கு தவறவில்லை. கரையில் தெருவிளக்கும் விடுதி விளக்கும் வந்த பிறகு கணக்கு தலைகீழாகிவிட்டது. குஞ்சுகள் ஊரை நோக்கி ஓடி, சாலையில் நசுங்கியோ வெயிலில் காய்ந்தோ சாகின்றன. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான பெரிய ஆமைகள் இறந்து ஒதுங்கின. அவற்றின் சாவுக்கு விசைப்படகுகளின் இழுவலையில் சிக்கி மூச்சடைத்ததே முதன்மைக் காரணமாகச் சொல்லப்பட்டது. அதைத் தடுக்க நம்மால் ஆகாது. முகாம் விளக்கை அணைக்க நம்மால் ஆகும். கூடாரத்துக்கு வெளியே கட்டும் வண்ண விளக்குச் சரத்தை ஊரிலேயே விட்டுவிட்டுப் போகலாம். ஆமையைக் கண்டால் டார்ச் அடிக்காமல், படம் எடுக்காமல், பின்னால் நின்று பார்க்க வேண்டும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் அது. முட்டையைத் தொடுவதும் குற்றம்.

கரை மீனவர்களின் தொழிற்கூடம் என்பதையும் மறக்கலாகாது. காயும் வலையின்மேல் நடப்பது, படகில் ஏறி அமர்ந்து படம் எடுப்பது, பாட்டில்களை மணலில் புதைப்பது ஆகியவை நம் வீட்டு அடுப்படியில் செருப்புக் காலோடு நுழைவதற்கு ஒப்பானவை. தங்க நினைக்கும் இடத்தில் ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லிவிடுவது முறை. தனுஷ்கோடி போன்ற இடங்களில் மாலைக்குமேல் தங்க அனுமதியே இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். அப்போது போகவே வேண்டாம். கைப்பேசிப் பணப் பரிமாற்றம் மீனவர் குப்பங்களில் எப்போதும் நடக்கும் என்று நம்பாமல், சில்லறை நோட்டுகளாகக் கொஞ்சம் பணம் வைத்திருப்பது நல்லது.

இவ்வாண்டு கடலுக்குப் போக இயலாதவர்கள் ஏப்ரல் இறுதியில் ஓர் இரவு பத்து மணிக்கு மொட்டை மாடியில் ஏறித் தெற்கே பாருங்கள். அட்சரேகை ஒன்றே ஆனதால் சென்னைக் கரையில் தெரியும் அதே உயரத்தில்தான் தென்சிலுவை இங்கும் நிற்கும். இரண்டு பாகை மேற்கே இருப்பதால் நமக்கு எட்டு நிமிடம் தாமதமாக வரும்; அவ்வளவே வேறுபாடு. முட்டியை மடக்கி ஒன்றே முக்கால் எண்ணுங்கள். அந்த உயரத்தில் தண்ணீர்த் தொட்டியோ மண்மேடோ குறுக்கிட்டால், இரண்டு வீடு தள்ளி நின்று பார்க்க அண்டை வீட்டாரிடம் அனுமதி கேட்டுக்கொள்ளலாம்.